கப்பலுக்கு வெளியே யாரோ

"கப்பலுக்கு வெளியே யாரோ தட்டுறாங்க," என்றான் ஆனந்தராஜ், குரலைத் தாழ்த்தி. "சுத்திக் கோடிக்கணக்கான மைலுக்கு ஈ காக்கா கிடையாது. ஆனா தட்டுறாங்க."

டங்!

நிஜமாகவே தகரத்தில் எதுவோ மோதியது.

ஹரிணி கையிலிருந்த பகடையைக் கீழே போட்டுவிட்டாள். ரகுநாத் மட்டும் சிரித்தான்.

"செம எஃபெக்ட்டுடா! வெளியில ஆள் செட் பண்ணி வச்சிருக்கியா?"

ஆனந்தராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் யாரையும் செட் பண்ணவில்லை.

திருமயத்தில் ஆனந்தராஜ் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை மதியமானால் மூன்று பேரும் அங்கேதான். நடுவில் ஒரு வரைபடம், இருபது முகப் பகடை, மிச்சமெல்லாம் வாய்ப்பேச்சு. ஆனந்தராஜ் கதையை நகர்த்துவான். ரகுநாத் விண்கப்பலின் கேப்டன். ஹரிணி டாக்டர். கப்பலுக்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்திருந்தாள், 'நார்த்தாமலை' என்று. எத்தனையோ கேம் ஆடிப் பார்த்துவிட்டார்கள். விண்வெளியில் வழி தவறிப்போகிற இந்த ஒன்றுதான் மூவருக்கும் உசிரு.

ஆட்டம் முடிகிற வரைக்கும் போனை ஆஃப் பண்ணிவிட வேண்டும். அது சட்டம்.

அன்றைக்குப் பேய் மழை. ஆனந்தராஜின் அப்பா, அம்மா குளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கீழே வீடு காலி. கொட்டகைக்குக் கரண்ட் இழுக்கவில்லை, ஒரே ஒரு எமர்ஜென்சி லைட்தான். தகரத்தின் மேல் மழை கொட்டிய வேகத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழுந்தது.

டங்! டங்!

"கேப்டன்..." ஹரிணி ஆட்டத்தை விடாமல்தான் கேட்டாள். ஆனால் கண் கொட்டகைக் கதவின் மேலேயே இருந்தது. "கதவைத் திறக்கலாமா?"

"கூடாது. நல்லது நினைக்கிறவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். இப்படித் தட்டிக்கிட்டு நிக்க மாட்டான்."

"அடிபட்டவங்களா இருந்தா? பேச முடியாம இருந்தா?"

"அதுக்காக நாம சாகணுமா டாக்டர்? கதவு மூடியே இருக்கட்டும்."

ஆனந்தராஜுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அடுத்து என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், சரியாகச் சாத்தாத ஜன்னல் வழியாக எதுவோ உள்ளே வந்து விழுந்தது. வரைபடத்தின் மேல் உருண்டு, கப்பல் படத்தை ஒட்டி நின்றது.

நனைந்த ஜல்லிக்கல்.

இப்போது ரகுநாத்தும் சிரிக்கவில்லை.

"எங்க ஊர்ல ஒரு வீட்டு மேல இப்படித்தான் கல்லு விழுந்துச்சு," ஹரிணி கிசுகிசுத்தாள். "எறிஞ்சது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல."

ஆனந்தராஜ் மெல்ல எழுந்து ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தான்.

எதிர்மாடியில், மழைக்குள், ஓர் உருவம். தலைமுடி அவிழ்ந்து முகத்தை மூடியிருந்தது. வாய் மட்டும் அகலத் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் வரவில்லை. கை மேலே போனது.

டங்!

அவன் ஜன்னல் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மின்னல் வெட்டியது. உருவம் முடியை ஒதுக்கியது.

"சே! எதிர்வீட்டு சொர்ணம் அக்காடா!"

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"போன வாரம், சத்தம் போடாதீங்கன்னு சண்டைக்கு வந்துச்சு. இன்னைக்குக் கல்லையே தூக்கிருச்சு பாரு. நாம சந்தோசமா இருந்தா அதுக்குப் பொறுக்காது."

"விடுடா, மழை விடட்டும்," என்றாள் ஹரிணி.

"முடியாது. நேரா அது வீட்டுக்கே போயி ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாரேன்."

கதவைத் திறந்து மழையில் பாய்ந்தான். கீழே இறங்க வெளிப்புறமாக ஓர் இரும்புப் படிக்கட்டுதான். அதன் கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

கல் நேராக நெற்றியில் வந்து அடித்தது.

"ஆத்தா!" அப்படியே உட்கார்ந்துவிட்டான். ரத்தம் மழைத்தண்ணீரோடு கண்ணில் இறங்கியது.

பின்னாலேயே ஓடிவந்த ரகுநாத் எதிர்மாடியைப் பார்த்துக் கத்தினான். "ஒங்களுக்கென்ன பைத்தியமா? இருங்க, போலீசக் கூப்பிடுறேன்!"

தகரத்தின் இரைச்சலை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுடைய குரல் கேட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல்.

"படியத் தொடாதீங்கய்யா! கரண்டு! கரண்டு!"

ஆனந்தராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.

தெருக்கம்பத்திலிருந்து அறுந்த வயர் படிக்கட்டுக் கைப்பிடியின் மேல் கிடந்தது. தண்ணீர் வழிகிற இடத்தில் நீலமாகப் பொரிந்துகொண்டிருந்தது. கீழ்ப்படியில் ஒரு தெருநாய் காலை விறைப்பாக நீட்டிக் கிடந்தது. அசையவில்லை.

அவன் நீட்டிய கைக்கும் அந்தக் கைப்பிடிக்கும் ஒரு சாண்கூட இருந்திருக்காது.

ரகுநாத் சட்டென்று பின்வாங்கினான். ஹரிணி ஆனந்தராஜின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"கரண்ட் ஆபீசுக்குச் சொல்லியாச்சு! ஆளு வர்ற வரைக்கும் உள்ளயே இருங்க!" எதிர்மாடியிலிருந்து மறுபடி அதே குரல்.

சொர்ணம் கையில் வைத்திருந்த கல்லை அப்போதுதான் கீழே போட்டாள். தொப்பலாக நனைந்திருந்தாள். உடம்பெல்லாம் வெடவெடத்தது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏந் தம்பி, நெத்தியில பட்டுருச்சே... ரொம்ப வலிக்குதாய்யா?"