பேதுருவின் பேஸ் கிற்றார்

"உந்தப் பழசைத் தூக்கிக்கொண்டு பெருநாள் மேடைக்கு வராதேங்கோ, பேதுரு அண்ணை."

குருநகரில், வலை வைக்கிற கொட்டிலில் பாட்டு ஒத்திகை. சொன்னவன் கிறிஸ்ரோபர், தேவாலய இசைக்குழுவை நடத்துகிறவன். எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டான்.

பேதுரு மடியிலிருந்த பேஸ் கிற்றாரைக் குனிந்து பார்த்தார். பழைய மொடல். நாலே நாலு கம்பி, தடவினால் வழுவழு என்றிருக்கும்.

ட்றம்ஸ் அடிக்கிற றஜிந்தனுக்குப் பொறுக்கவில்லை. இதின் சத்தம் நெஞ்சுக்குள் போய் விழும், புதுசுகளில் வருவதெல்லாம் தகரச் சத்தம் என்றான். கீபோட் ஷெரோன் விடவில்லை. பழசு போர்வைக்குள்ளே கிடந்து கதைக்கிற மாதிரி, இப்பத்தைப் பாட்டுக்கு அஞ்சு கம்பி வேணும் என்றாள். இருவரும் கொளுவிக்கொண்டார்கள்.

"பேஸ் பிந்துது. அந்தக் கம்பியிலை சத்தம் எழும்ப நேரமெடுக்குது. கிற்றாரிலைதான் பிழை," என்று கிறிஸ்ரோபர் கதையை முடித்தான்.

மனுசி மக்டலீன் செத்த பிறகு பேதுருவுக்கு இந்தக் குழுவை விட்டால் ஆரும் இல்லை.

"புதுசு கொண்டு வந்தால் என்னை வைச்சிருப்பியோ, தம்பி?"

கிறிஸ்ரோபர் வாசல் பக்கம் பார்த்தான். அதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

றஜிந்தன் கிறிஸ்ரோபரை வாய்க்கு வந்தபடி ஏசினான். பேஸ் வாசிக்க உன்ரை மச்சானை ஏத்தத்தானே இந்த வேலை, நீயெல்லாம் கோயிலில் பாடி என்ன பிரயோசனம் என்றான். கிறிஸ்ரோபர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஒத்திகைக்குப் பேதுரு முதல் ஆளாய் வந்து நின்றார். தோளில் புத்தம் புது வெள்ளைக் கிற்றார், அஞ்சு கம்பி. பழசைக் கொழும்பிலிருந்து வந்த ஒருத்தருக்குக் குடுத்து மாற்றிவிட்டாராம். முகமெல்லாம் சிரிப்பு.

தொடங்கினார்கள். பேஸ் பிந்தியது.

திரும்பத் தொடங்கினார்கள். திரும்பவும் பிந்தியது.

றஜிந்தன் அப்போதுதான் அவருடைய கையைப் பார்த்தான். புதுக் கம்பி அரம் மாதிரிச் சொரசொரப்பு. விரல் நுனி கிழிந்து, வெள்ளைக் கிற்றாரில் இரத்தம் கோடாக வடிந்தது. பேதுருவுக்கு அது தெரியவேயில்லை. சிரித்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். சீனி வருத்தம் அவருடைய விரல்களை எப்பவோ மரக்கப் பண்ணிவிட்டது.

றஜிந்தன் கிறிஸ்ரோபரைப் பார்த்தான். அவன் தலையை நிமிர்த்தவில்லை. இரத்தத்தைக் கண்டு திடுக்கிட்டவன் மாதிரியும் தெரியவில்லை. முந்தியே தெரிந்தவன் மாதிரி இருந்தான்.

பாட்டு நின்றது. பேதுரு ஆசையோடு திரும்பினார்.

"இப்ப எப்பிடி, றஜிந்தன்? நீதான் நேர்மையாச் சொல்லுவாய்."

றஜிந்தன் சட்டைப் பைக்குள்ளிருந்த லேஞ்சியை எடுத்து அவருடைய விரலைச் சுற்றிக் கட்டினான்.

"இதுவும் சரியில்லை, அண்ணை. கிற்றாரிலைதான் பிழை."