வெட்டாத முடி

மின்சார ரயிலில் ஒரு கும்பல் ஹர்சரண் சிங்கின் தலைப்பாகையைப் பிடுங்கிப் பந்துபோல் எறிந்து விளையாடியது. அந்த வாரமே அவரும் மனைவியும், கருவிலேயே மரபணுவைத் திருத்தித் தரும் கருவகத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அங்கே கேட்டார்கள். தலையிலும் முகத்திலும் முடியே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். முளைக்காத முடியை யாரும் வெட்டப் போவதில்லை, அதனால் முடி வெட்டக் கூடாது என்ற சீக்கிய நெறியும் கெடாது என்று மனைவியைத் தேற்றினார்.

மகன் ஏகம் மொட்டைத் தலையோடு வளர்ந்தான். வியாதி என்றே அவனிடம் சொல்லிவைத்தார்கள். இருபத்தாறு வயதில் அவன் அமிர்தம் அருந்தி சீக்கிய தீட்சை பெற விரும்பி குருத்வாராவுக்குப் போனான். "வியாதிக்கு நீ என்னப்பா பண்ணுவ? தாராளமா வா," என்றார் அங்கே கிரந்தம் ஓதும் பெரியவர்.

அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். குழந்தைக்கும் அந்த வியாதி வருமோ என்று பயந்து, கருவகத்தில் தன் பழைய கோப்பைக் கேட்டு வாங்கினான். வீட்டுக்கு வந்து அதை அப்பாவின் முன்னால் வைத்தான்.

"நான் ஒரு முடிகூட வெட்டினதில்லப்பா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே நீங்க வெட்டிட்டீங்க."

"நான் பட்ட அவமானம் உனக்கு வேணாம்னுதான்டா."

"சரி. என் குழந்தைக்காவது வளருமா?"

ஹர்சரண் கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"ஒவ்வொரு தலைமுறையும் போய்க் கேட்டுட்டு நிக்க வேணாமேன்னு, மொத்த வம்சத்துக்கும் எழுதிக் குடுத்துட்டேன்."

மார்பு வரை இறங்கியிருந்த அப்பாவின் வெள்ளைத் தாடியையே ஏகம் பார்த்துக்கொண்டு நின்றான்.