தொபுக்கடீர்

டாக்டரின் அறையிலிருந்து நகைச்சுவை நடிகர் வெளியே வந்ததும், காத்திருந்த டைரக்டர் பதறி எழுந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"இனிமே விழவே கூடாதாம் சார். ஓடறது, குதிக்கறது எதுவும் கூடாதாம்."

"போச்சு! நாளைக்கு மாடிப்படியில உருள்ற சீன் இருக்கே!"

"அதை மறந்துடுங்க."

"என்னய்யா இப்படிச் சொல்றீங்க? தொபுக்கடீர்னு விழறதைப் பார்க்கத்தானே ஜனங்க டிக்கெட் வாங்கறாங்க?"

"ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வருது. எட்டு வருஷம் பட்டது போதும் சார்."

டைரக்டர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன மாதம் ஏணிக் காட்சியில் பலமாக அடிபட்டது அவர் கண்ணெதிரேதான்.

கதவு மறுபடி திறந்தது. ஸ்கேன் படத்தைப் பிடித்தபடி நடிகரின் மனைவி வந்தாள்.

"மூணு மாசம்ணே! ஏணியிலேருந்து விழுந்தப்பவே வயித்துல இருந்திருக்கு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையாம், நல்லா இருக்காம்."

டைரக்டரின் முகம் மலர்ந்தது.

"அட, இதுதானா விஷயம்! ஸ்டூல் மேல ஏறினாலே இந்த மனுஷனுக்குத் தலை சுத்தும். இவரோட தொப்பியையும் ஒட்டு மீசையையும் மாட்டிக்கிட்டு இத்தனை வருஷமா இவருக்காக நீ விழுந்தது போதும்மா."

"அப்போ நாளைக்கு சீன்?"

"அதை நான் மாத்தி எழுதிக்கறேன். நீ வீட்டுக்குப் போய் காலை நீட்டிப் படு."

ஊரையே சிரிக்க வைத்த நடிகர் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.