நாக்கைத் தூக்கிக் காட்டு

தம்பி சிரித்ததும் அக்கா டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் குடித்த அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர.

நாற்பத்தொரு நாளாக அவன் சிரித்ததே இல்லை.

டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். போதைத் தூள் மூளையில் போய் உட்காரும் இடங்களை இந்த மாத்திரை முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும். தூள் போட்டாலும் ஏறாது. ஆனால் சந்தோஷமும் அங்கேதான் உட்கார வேண்டும். கொஞ்ச நாள் எதுவும் ருசிக்காது, சிரிப்பு வராது.

சிரிக்கிறான் என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை.

தினமும் அவனே டப்பாவைத் திறந்து, அவள் எதிரில்தான் விழுங்குவான். பிறகு நாக்கைத் தூக்கி, கன்னங்களை இழுத்துக் காட்டுவான். "நீ பல் டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்க்கா" என்பான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"எங்கடா துப்பின?"

சிரிப்பு பாதியில் நின்றது.

பாத்திரத் தொட்டியைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையைத் திருப்பினாள். காலர் மடிப்பைத் தடவினாள். கடைசியில் தாடையைப் பிடித்து விரலையே வாய்க்குள் விட்டாள்.

முப்பது வயது ஆள். கடிக்கவில்லை, தட்டிவிடவில்லை. ஏதோ சொல்ல வந்தான். விரல் நாக்கின் மேல் இருந்ததால் அது வார்த்தையாகவில்லை.

ஒன்றும் அகப்படவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. அவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அவன் வாயைத் துடைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

மாலையில் பழைய கூட்டாளிகளோடு பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். ஏறவில்லை என்று தூளை மேலும் மேலும் போட்டானாம்.

அவனை அடக்கம் செய்த எட்டாம் நாள், மாத்திரை டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். நர்ஸ் அவனுக்கு வாராவாரம் எடுத்த ரத்தப் பரிசோதனைக் குறிப்பைப் பார்த்தாள். மாத்திரையை ஒரு நாள்கூட அவன் விட்டிருக்கவில்லை. டப்பா மூடிக்குள் மடித்துச் செருகியிருந்த சீட்டை எடுத்து, "இது உங்களுக்குத்தான், படிக்கலையா?" என்றாள்.

டாக்டரின் கையெழுத்து. 'வீட்டாருக்கு: நல்ல முன்னேற்றம். மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். இனி சிரிப்பார். பயப்பட வேண்டாம்.'

தேதி, உப்பு டீக்கு ஐந்து நாள் முன்பு.