பலகையும் ஐந்து பூக்களும்

அன்று தீவின் மேட்டில் இருந்தவர்கள்: ஒரு செடி, அதன் ஐந்து பூக்கள், "தொடாதே" என்று எழுதிய பலகை, ஒரு தேன்சிட்டு. அந்த இனத்தில் மிஞ்சியது அந்த ஒரு செடிதான்.

"எழுதியிருப்பது தெரியவில்லையா?" என்று பலகை சிட்டை விரட்டியது.

"எனக்குப் படிப்பு வராது அண்ணே."

"பூ உதிர்ந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்."

"மூன்று வருடமாக யாரும் தொடாமலேதான் உதிர்கின்றன. ஒரு விதைகூட இல்லை," என்றது செடி. "நீ வா தங்கம். அவர் தலையில் உட்கார்ந்து குடி."

சிட்டு பலகையின் தலையில் உட்கார்ந்து ஐந்து பூவிலும் மூக்கை விட்டது. பலகை கண்ணை மூடிக்கொண்டது.

பூக்கள் உதிர்ந்தன. காய் வெடித்தது. மழை பெய்தது. பலகை இரண்டு தரம் எண்ணிச் சிட்டைக் கூப்பிட்டுச் சொன்னது: பூ மீதியில்லை. தன் காலை ஒட்டி முளைத்ததையும் சேர்த்து, கன்று ஏழு.