ரத்தினம்மா வைத்த ரேகை

கட்டைவிரலில் ஒட்டிய மையைத் துடைக்க ரத்தினம்மாவுக்கு மனசு வரவில்லை. நகரியை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லிப் போகிற மனுவில் தன் ரேகையும் இருக்கிறது என்று அவளுக்கு அத்தனை பெருமை.

ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து நெசவுக்காரத் தெருவில் இதே பேச்சுதான். எல்லைக்கோடு எங்கே விழும், நகரி எந்தப் பக்கம் போகும் என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசினார்கள்.

ரத்தினம்மாவுக்கு எல்லைக்கோட்டைப் பற்றிக் கவலை இல்லை. மகள் சுந்தரி இரண்டாவது படிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால், பெற்ற பிள்ளை தனக்குப் புரியாத பாஷையில் படித்துத் தன்னைவிட்டு விலகிப் போய்விடுமே என்பதுதான் அவள் பயம்.

அந்தப் பயம் புருஷன் உமாபதிக்கும் தெரியும். புத்தூரில் நூல் கடைக் குமாஸ்தா அவன். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன். ஒரு மாதமாக எல்லைக் கமிட்டி வேலை என்று வாரத்தில் நாலைந்து நாள் புத்தூரிலேயே தங்கிவிடுகிறான். இன்று காலை வந்தவன் கையில் மனு இருந்தது.

போன வாரம் எதிர்வீட்டுத் துலுக்காணம் கொண்டுவந்த மனுவில் தெரு ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே தாளில் ரேகை வைத்தார்கள். இவளுக்கு மட்டும் தனித் தாள், மேலே சர்க்கார் முத்திரை அச்சடித்த கெட்டித் தாள், அதுவும் தெலுங்கில். தமிழ் வேண்டும் என்று கேட்க எதற்குத் தெலுங்கு என்றாள். தெலுங்கில் எழுதினால்தான் ஆபீசர் படிப்பார், அதுவும் நீ திருத்தணியில் பிறந்தவள், உன் பேச்சுக்கு எடை ஜாஸ்தி என்றான். அவள் விரலை நீட்டினாள்.

உமாபதியை நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் ஏது? படுக்கையில் மகளுக்குக் கதை படித்துச் சொல்கிற அப்பன் அந்தத் தெருவில் அவன் ஒருவன்தான். தெலுங்குக் கதைப் புத்தகத்தை விரித்து, சுந்தரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டி ஒரு வரி படிப்பான். அதையே தமிழில் சொல்வான். அவள் ‘ஊம்’ கொட்டிக்கொண்டே தூங்கிப்போவாள். மூன்று வருஷமாக இப்படித்தான்.

கதை கேட்டு வளர்கிற பிள்ளை வகுப்பில் வாய் திறந்து கேள்வி கேட்கிறது, சொன்னதை மறக்காமல் திருப்பிச் சொல்கிறது என்று டீச்சரே வீடு தேடி வந்து சொன்னாள். தெருவே உமாபதியை மெச்சியது. சோறாக்கிப் போட்டு, பேன் பார்த்து, காய்ச்சலுக்குக் கண் விழித்தவளை ஒருத்தரும் மெச்சவில்லை. அப்பன் ஒரு கதை சொன்னால் போதும், அவன் தெய்வமாகிவிடுகிறான்.

மை காயட்டும், எடுத்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்குப் போகிறேன் என்று தாளை டிரங்குப் பெட்டி மேல் வைத்துவிட்டு உமாபதி கிணற்றடிக்குக் குளிக்கப் போனான்.

ஒரு மாதமாகக் கதை இல்லாமல் தவித்த சுந்தரி, கடலை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் எழுத்துக்கூட்டி முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். இப்போது இந்தத் தாளையும் எடுத்தாள்.

“அத்த வெச்சிடுடி. அது ஒன் கதப் பொஸ்தவம் இல்ல, சர்க்காரு காயிதம்.”

“படிச்சிட்டு வெச்சிடறேம்மா.”

ரத்தினம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “தெலுங்குடி அது. ஒன் இஸ்கூல்ல அத்த எவ சொல்லிக் குடுத்தா?”

“இஸ்கூல்ல இல்ல. நைனா கத சொல்லசொல்ல நா அவுரு வெரலயே பாத்துக்கினு இருப்பேன். அப்டியே வந்துட்ச்சி.”

மூன்று வருஷம் மகளைத் தூங்கவைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கே இது தெரியாது. சுந்தரி தலைப்பில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். விடுதல பத்ரமு. அப்படியென்றால் விடுதலைப் பத்திரம் என்று தாய்க்குத் தமிழிலும் சொன்னாள், அப்பன் சொல்கிற மாதிரியே.

ரத்தினம்மாவுக்குப் புல்லரித்தது. ஆந்திராவிலிருந்து விடுதலை. எத்தனை அழகாகத் தலைப்புக் கொடுத்திருக்கிறான் மனுஷன். மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, மெட்ராஸ் எங்கே வருகிறது பார் என்றாள்.

சுந்தரி விரலை ஓட்டினாள். அம்மாவின் பேர் வந்தது. நைனாவின் பேர் வந்தது. மூன்றாவது வரியில் அவள் குரல் தணிந்தது. அதற்குப் பிறகு வாய்க்குள்ளேயே படித்தாள். படித்த வரியையே திரும்பப் படித்தாள். தமிழில் சொல்லவில்லை.

“இன்னாடி, மெட்ராசு வந்துட்ச்சா?”

“மெட்ராசு எங்கியும் இல்லம்மா.”

கிணற்றடியிலிருந்து உமாபதி குரல் கொடுத்தான், மை காய்ந்துவிட்டதா என்று. ரத்தினம்மா பதில் சொல்ல வாயெடுத்தவள், மகள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். சுந்தரி நகர்ந்து உட்கார்ந்திருந்தாள், அம்மா மேல் படாமல்.

“ஏம்மா, நைனாவும் வேணாம், நானும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டியா?”