திரைக்குக் கீழே தெரியும் கால்கள்

மகளின் பிறந்தநாள் கண்ணாமூச்சியில் எல்லோரும் பிடிபட்டாயிற்று, உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஜன்னலோடு ஒட்டி நிற்கும் அப்பாவைத் தவிர. அவரைத் தேடுகிற ஞாபகமே இல்லாமல் பிள்ளைகள் கேக்குக்கு ஓடிவிட்டார்கள். கூடத்தில் கைதட்டல் கேட்கிறது. பலூன் ஒன்று வெடிக்க, பின்னாலேயே ஒரு கூச்சல். சாயங்கால வெயில் அவர் முதுகைச் சுடுகிறது, சட்டைப் பையில் மகளுக்கு வாங்கிய சாக்லேட் இளகிக்கொண்டிருக்கிறது. இந்தத் திரையை மாட்டியவர் அவர்தான். ஒரு பக்கம் இன்னமும் தூக்கித்தான் நிற்கிறது. அதன் கீழே அவருடைய கால்கள் அப்பட்டமாகத் தெரிகின்றன. வாசலிலேயே மகளின் அம்மா தணிந்த குரலில் சொல்லிவிட்டாள்: "விளையாட்டு முடியற வரைக்கும் இருங்க. முடிஞ்சதும் கிளம்பிடணும்." தானாகவே வெளியே போகலாம்தான். எந்த முகத்தோடு போய் நிற்பது? கதவு மெல்லத் திறக்கிறது. சின்னக் காலடிகள் நேரே திரையிடம் வந்து நிற்கின்றன. காகிதத் தட்டில் ஒரு துண்டு கேக் தரையோடு நகர்ந்து அவர் காலருகே வருகிறது. "அப்பா, நான் இன்னும் உன்னக் கண்டுபிடிக்கல," மகள் கிசுகிசுக்கிறாள். "சத்தமில்லாம சாப்பிடு." பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய், கூடத்துக்கே கேட்கும்படி கத்துகிறாள்: "இங்க யாருமே இல்ல!"